நான் பூட்டாத வட்டு ஏன் சாவி கேட்கிறது?

கேள்வி இதுதான். மடிக்கணினியில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கிக் கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) புதுப்பிப்பு ஒன்று நடந்தது. அடுத்த முறை இயக்கியபோது விண்டோஸ் வரவில்லை. விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கர் என்ற தலைப்புடன் நீலத்திரை ஒன்று வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது. தரவைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கம் எதையும் தாம் இயக்கியதே இல்லை என்கிறார் கேட்டவர். தினமும் பயன்படுத்திய கடவுச்சொல்லும் பின் எண்ணும் நன்றாக நினைவிருந்தும் அந்தத் திரை அவற்றை ஏற்கவில்லை. பழுது பார்ப்பவரோ வட்டை முழுக்க அழித்து ஃபார்மட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார். உள்ளே பத்தாண்டுப் புகைப்படங்கள் இருக்கின்றன.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: ஃபார்மட்டுக்கு இப்போது ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தத் திரை வந்ததால் தரவு எதுவும் அழியவில்லை. நேற்று இருந்தபடியே வட்டில் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவியின் நகல் எங்கோ ஓரிடத்தில் இருப்பதற்கான வாய்ப்பும் மிக அதிகம். ஏனென்றால், பயனர் கேட்காமலே விண்டோஸ் குறியாக்கத்தை இயக்கும் கணினிகளில், மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கு போன்ற ஒரு கணக்கில் சேமித்த பிறகுதான் அது பாதுகாப்பை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. அதுவரை வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் சாவி மூடப்படாமல் வட்டிலேயே கிடக்கும். உங்கள் கணினி இன்று சாவி கேட்கிறது என்பதே, அந்தச் சாவி ஒருநாள் எங்கோ பதிவாகியிருக்க வேண்டும் என்பதற்கு நல்ல அறிகுறி.

எங்கே தேடுவது என்பதற்கு முன், எது பூட்டப்பட்டிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். இது புரியாததால்தான் பலர் அவசரப்பட்டுத் தரவை இழக்கிறார்கள். விண்டோஸில் நுழையும் கடவுச்சொல் வாசலில் நிற்கும் காவலாளியைப் போன்றது. வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துவிட்டால் அந்தக் காவலாளிக்கு அங்கே வேலையில்லை. கோப்புகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மடிக்கணினி திருடுபோனால் தரவும் திருடுபோகும் என்ற நிலையை மாற்றத்தான் வட்டுக் குறியாக்கம் வந்தது. வட்டில் எழுதப்படும் ஒவ்வொரு துண்டும் எழுதும்போதே குறியாக்கப்பட்டு, படிக்கும்போதே விடுவிக்கப்படுகிறது. பிட்லாக்கர் இதற்குப் பயன்படுத்துவது ஏஇஎஸ் என்ற முறை. யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியர்கள் வடிவமைத்த அதை அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பு 2001-இல் தரமாக அறிவித்தது. அதன் சாவி குறைந்தபட்சம் 128 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) நீளமுடையது. அத்தனை பிட்களில் அமையக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுத 34-க்குப் பின்னால் 37 சுழியங்கள் போட வேண்டும். நொடிக்கு ஒரு லட்சம் கோடி சாவிகளைச் சோதிக்கும் இயந்திரம் கிடைத்தாலும், எல்லாவற்றையும் சோதித்து முடிக்க அண்டத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளைப் போல 70 கோடி மடங்குக்கு மேல் காலம் பிடிக்கும். ஆகவே உடைத்துப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

அடுத்து, சாவிக்குள் சாவி என்ற அமைப்பு. தரவைக் குறியாக்கும் சாவியை இன்னொரு சாவி மூடிவைக்கிறது. அந்த இரண்டாவது சாவியின் நகல்கள் பல, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இடப்பட்டு, அதே வட்டின் ஓரிடத்தில் சேமிக்கப்படுகின்றன. ஓர் உறையை மதர்போர்டிலோ செயலியிலோ உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் திறக்கும்; இன்னோர் உறையை அந்த 48 இலக்க மீட்புச் சாவி திறக்கும். எந்த உறை திறந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றே. உங்கள் பின் எண்ணுக்கும் கடவுச்சொல்லுக்கும் இங்கே உறை எதுவும் இல்லை. அவை விண்டோஸ் எழுந்த பிறகு பயன்படுபவை. விண்டோஸோ இன்னும் பூட்டுக்குள் இருக்கிறது.

இத்தனை நாளும் சாவி கேட்காத கணினி இன்று கேட்பதற்குக் காரணம் டிபிஎம்தான். கணினி எழும் ஒவ்வொரு கட்டத்தையும், அதாவது பயாஸ் நிரல், செக்யூர் பூட் (நம்பகமான துவக்க நிரலை மட்டும் இயங்கவிடும் வசதி) அமைப்பு, துவக்க நிரல் ஆகியவற்றை, ஒரு கணித முத்திரையாக அது அளந்து வைத்துக்கொள்கிறது. முந்தைய அளவுகளும் இன்றைய அளவுகளும் பொருந்தினால் கேள்வி கேட்காமல் தன் உறையைத் திறந்துவிடும். பயாஸ் மாறினால், செக்யூர் பூட்டை அணைத்தால், மதர்போர்டையே மாற்றினால், சில கணினிகளில் யுஎஸ்பி வட்டு செருகியபடி இயக்கினால்கூட, அளவு மாறிவிடும், சிப் மறுத்துவிடும். புதுப்பித்தது நீங்களா, திருடன் துவக்க நிரலைத் திருத்தினானா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. பயாஸைப் புதுப்பிக்கும் நிரல்கள் முன்கூட்டியே பிட்லாக்கரை ஒருமுறைக்கு இடைநிறுத்திவிட வேண்டும். பல நிரல்கள் அதைச் செய்கின்றன, செய்யாதவையும் இருக்கின்றன. இடைநிறுத்தாமலும் பயனரிடம் ஒரு வார்த்தை எச்சரிக்காமலும் புதுப்பிப்பது பெரும் பொறுப்பின்மை என்றே நான் கருதுகிறேன்.

இந்த விளக்கத்திலிருந்தே முதல் முயற்சியும் கிடைக்கிறது. அளவு மாறியதால் சிப் மறுத்தது என்றால், அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அது மீண்டும் இசைய வாய்ப்புண்டு. செருகியிருக்கும் யுஎஸ்பி கருவிகள், டாக், வெளித்திரை ஆகிய அனைத்தையும் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். பயாஸுக்குள் சென்று செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கிறதா, டிபிஎம் அணைந்துவிட்டதா, துவக்க வரிசை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பிப்புகள் சில நேரங்களில் இவற்றை ஆலை அமைப்புக்குத் திருப்பிவிடுகின்றன. முன்பு இருந்தபடி அமைத்து மீண்டும் இயக்கினால் நீலத்திரையே வராமல் விண்டோஸ் எழுந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அதே பயாஸ் பக்கத்தில் டிபிஎம்மை அழிக்கவா என்று கேட்கும் வரி ஒன்று இருக்கும். அதை மட்டும் தொடவே கூடாது. அழித்தால் சிப்பின் உறை என்றென்றைக்கும் போய்விடும். மீட்புச் சாவி ஒன்றே கதி என்றாகிவிடும்.

அது பலிக்காவிட்டால் தேடல். நீலத்திரையை நிதானமாகப் படியுங்கள். அதில் மீட்புச் சாவியின் அடையாள எண் என்று ஒன்று காட்டப்படும். அதன் முதல் எட்டு எழுத்துகளை எழுதிக்கொள்ளுங்கள், அல்லது திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். இது சாவி இல்லை. எந்தச் சாவி தேவை என்று சொல்லும் சீட்டு. பிறகு வேறொரு கணினியிலோ கைபேசியிலோ மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் மீட்புச் சாவிகள் பக்கத்தைத் திறந்தால், அந்தக் கணக்கில் பதிவான சாவிகள் அனைத்தும் அடையாள எண்ணோடு வரிசையாகத் தெரியும். எட்டு எழுத்துகளும் பொருந்தும் சாவிதான் உங்களுடையது.

ஒரு கணக்கில் இல்லை என்றவுடன் சோர்ந்துவிடாதீர்கள். சாவி பதிவாகும் கணக்கு, கணினியை முதன்முதலில் அமைத்தவரின் கணக்காக இருக்கக்கூடும். இப்போது பயன்படுத்துபவரின் கணக்காக இருக்க வேண்டியதில்லை. என் உறவினர் ஒருவர் தம் கணக்கில் மூன்று நாள் தேடிச் சலித்துப்போயிருந்தார். அந்தக் கணினியைப் பெட்டியிலிருந்து பிரித்து அமைத்துக் கொடுத்தது யார் என்று நான் கேட்டபோதுதான், வெளியூரில் படிக்கும் மூத்த மகன் என்ற பதில் வந்தது. மகன் தன் கைபேசியில் கணக்கைத் திறந்து பார்த்த ஐந்தாவது நிமிடம் சாவி கிடைத்துவிட்டது. அதைப் போல, பழைய மின்னஞ்சல் முகவரியில் தொடங்கி மறந்துபோன கணக்கு, குடும்பத்தினரின் கணக்கு, பயன்படுத்திய கணினியாக வாங்கியிருந்தால் விற்றவரின் கணக்கு என எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள். பணியிடத்தின் கணக்கையோ கல்வி நிறுவனத்தின் கணக்கையோ அந்தக் கணினியில் ஒருமுறை சேர்த்திருந்தால், சாவி அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கலாம். அங்குள்ள கணினிப் பிரிவிடம் அடையாள எண்ணைக் கொடுத்துக் கேட்க வேண்டும். யாராவது முன்யோசனையோடு அச்சிட்டோ, பென்டிரைவில் உரைக்கோப்பாகவோ சேமித்திருந்தால் அதுவும் செல்லும்.

சாவி கையெழுத்தில் இருந்தாலோ அச்சு மங்கியிருந்தாலோ கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. இதை அறிந்தவர் குறைவு என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். அந்த 48 இலக்கங்கள் ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகளாக இருக்கும். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். வகுத்தால் கிடைக்கும் ஈவு 65,536-க்குக் குறைவான எண். அதாவது ஒரு தொகுதிக்கு 16 பிட், எட்டுத் தொகுதிக்கு 128 பிட். இதனால் எந்தத் தொகுதியும் 720885-ஐத் தாண்டாது. 8-இலோ 9-இலோ தொடங்கும் தொகுதி ஒன்று உங்கள் தாளில் இருந்தால், அங்கே ஏதோ ஓர் இலக்கம் தவறாக எழுதப்பட்டிருக்கிறது அல்லது தவறாகப் படிக்கப்படுகிறது.

நண்பர் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்த சாவியைத் திரை ஏற்க மறுத்தபோது இந்த நுட்பம்தான் கைகொடுத்தது. எண்களை மாற்றி ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். தாளில் 422637 என்று இருந்தது. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 4, 2, 3 சேர்ந்து 9. மற்றவை 2, 6, 7 சேர்ந்து 15. இரண்டு கூட்டுத்தொகைகளின் வித்தியாசம் 0, 11, 22 ஆகிய மூன்றில் ஒன்றாக இருந்தால்தான் எண் 11-ஆல் வகுபடும். இங்கே 6 வருகிறது. கடைசி இலக்கத்தை உற்றுப் பார்த்தால், அவர் 1-ஐத் தலையில் சிறு கொக்கி வைத்து எழுதும் வழக்கமுடையவர். 7-ஐ 1 என்று வைத்தால் இரண்டு பக்கமும் 9, வித்தியாசம் 0. வட்டு திறந்துவிட்டது. ஒரு தொகுதியில் ஓர் இலக்கம் மட்டும் அழிந்திருந்தால் அந்த இடத்தில் பொருந்தக்கூடிய இலக்கம் ஒன்றுதான் இருக்கும், ஆகவே கணக்கிட்டே கண்டுபிடித்துவிடலாம். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தாலும் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தொகுதி முழுவதும் கிழிந்துபோயிருந்தால் 65,536 வாய்ப்புகள் மிஞ்சும். ஒவ்வொரு முயற்சிக்கும் பிட்லாக்கர் ஷா-256 என்ற கணக்கைப் பத்து லட்சம் முறைக்கு மேல் செய்யச் சொல்லும் என்றாலும், வட்டின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு மென்பொருளால் சோதித்து முடிக்கக்கூடிய அளவுதான் அது. இரண்டு தொகுதிகள் என்றால் சுமார் 429 கோடி வாய்ப்புகள். அதற்கு நிபுணரும் வலிமையான கிராஃபிக்ஸ் அட்டைகளும் தேவை. மூன்று தொகுதிகள் போய்விட்டால் நம்பிக்கை வைக்க இடமில்லை.

தட்டச்சுச் செய்யும்போது எண் விசைகள் சரியாக வேலை செய்யாவிட்டால், எஃப்1 முதல் எஃப்9 வரையுள்ள விசைகளை 1 முதல் 9 வரைக்கும் எஃப்10-ஐச் சுழியத்துக்கும் பயன்படுத்தலாம்.

இந்த நேரத்தில்தான் சாவியில்லாமலே திறந்து தருகிறோம் என்று பணம் கேட்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள், அல்லது நீங்கள் அவர்களைத் தேடிப் போவீர்கள். டிபிஎம் சிப்பிலிருந்து சாவி வெளியே வரும் மின்தடத்தில் ஒட்டுக்கேட்டு அதைப் பிடித்துக் காட்டிய ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் அந்த வழி, சிப் சாவியை வெளியிட்டால்தான் பலிக்கும். உங்கள் கணினியில் சிப் வெளியிட மறுத்துவிட்டது என்பதே பிரச்சினை. வட்டு பௌதிகமாகப் பழுதாகி, அதைத் தரவு மீட்பு ஆய்வகத்துக்குக் கொடுக்கும் நிலை வந்தாலும், அவர்கள் மீட்டெடுப்பது குறியாக்கம் செய்யப்பட்ட துண்டுகளைத்தான். அவற்றைப் படிக்க அவர்களும் உங்களிடம் இதே 48 இலக்கங்களைத்தான் கேட்பார்கள்.

இது ஒரு தனிமனிதரின் அலட்சியத்தால் மட்டும் வரும் துன்பமும் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் வந்த பழுதான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஒரே ஒரு கோப்பை நீக்கினால் சரியாகியிருக்கும். ஆனால் அந்தக் கோப்பு இருந்த வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்த இடங்களில், முதலில் ஒவ்வொரு கணினிக்கும் உரிய மீட்புச் சாவியைத் தேடியெடுத்துக் கையால் தட்ட வேண்டியிருந்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வெளியானதும் அதே ஆண்டில்தான். புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே, முன்பைவிடக் கூடுதலான கணினிகளில் சாதனக் குறியாக்கம் தானாக இயங்கிவிடும்படி அதில் மாற்றினார்கள். நான் எதையும் இயக்கவில்லை என்று நீங்கள் சொல்வது ஆகவே முழுக்க நியாயமானது.

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சிப் உள்ள கணினிகளிலும், 2020 இறுதி முதல் வந்த, ஆப்பிளே வடிவமைத்த செயலியுள்ள ஆப்பிள் சிலிக்கான் கணினிகளிலும் வட்டு எப்போதுமே குறியாக்கம் செய்யப்பட்டே இருக்கும். மேக்கின் குறியாக்க வசதியான ஃபைல்வால்ட் இயக்கப்பட்டால் அந்தச் சாவி உங்கள் நுழைவுக் கடவுச்சொல்லோடு பிணைக்கப்படும். அங்கே கடவுச்சொல்லை மறந்தால், அமைக்கும்போது நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதன்படி ஆப்பிள் கணக்கோ 24 எழுத்து மீட்புச் சாவியோ திறக்கும். ஆனால் இவற்றில் குறியாக்கச் சாவி அந்தக் குறிப்பிட்ட சிப்போடு பிணைந்தது; மதர்போர்டு எரிந்துபோனால், கடவுச்சொல் தெரிந்தும் சேமிப்புச் சிப்பை வேறொரு கணினியில் வைத்துப் படிக்க முடியாது. தனிப் பிரதி இல்லாமல் மேக் பயன்படுத்துவோரைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு.

லினக்ஸின் லக்ஸ் என்ற குறியாக்க அமைப்பிலும் அதே உறைகள்தான். அங்கே அவற்றைச் சாவித் துளைகள் என்பார்கள். முதல் பதிப்பில் எட்டுத் துளைகள், இரண்டாவதில் 32 வரை. எல்லாத் துளைகளும் வட்டின் தொடக்கத்தில் உள்ள தலைப்பகுதியில் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. தவறான வட்டில் வேறொரு இயங்குதளத்தை நிறுவத் தொடங்கி, சில மெகாபைட் எழுதியதும் நிறுத்தினாலும், தலைப்பகுதி அழிந்திருந்தால் சரியான கடவுச்சொல்லாலும் பயனில்லை. தலைப்பகுதியின் நகலை வேறிடத்தில் எடுத்துவைத்தவருக்கு மட்டுமே மீட்சி உண்டு. கணினி இன்னும் அணைக்கப்படாமல் வட்டு திறந்தே இருக்கிறது என்றால் அது பெரிய நற்பேறு. மறுதொடக்கம் செய்யாமல் அப்போதே எல்லாவற்றையும் நகலெடுத்துவிட வேண்டும்.

உங்கள் கணினிக்குத் திரும்புகிறேன். சாவி கிடைத்து விண்டோஸ் எழுந்துவிட்டால், வேறு எதையும் தொடுவதற்கு முன் புகைப்படங்களை வெளிவட்டு ஒன்றில் நகலெடுங்கள். பிறகு பிட்லாக்கர் அமைப்புக்குள் சென்று பாதுகாப்பை ஒருமுறை இடைநிறுத்தி மீண்டும் தொடருங்கள்; அப்போது டிபிஎம் புதிய பயாஸின் அளவுகளை ஏற்று, அடுத்த முறை சாவி கேட்காமல் திறக்கும். இதைச் செய்யாதவர்களில் சிலர் மீண்டும் நீலத்திரையைப் பார்த்துக் கணினி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டுக் கணினிப் பைக்குள் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். சாவி ஒரு நிறுவனத்தின் கணக்கில் கிடப்பது சிலருக்கு உறுத்தலாக இருக்கும்; சட்டப்படியான ஆணை வந்தால் அந்த நிறுவனம் அதைக் கொடுக்க நேரலாம் என்பதும் உண்மை. அப்படிக் கருதுவோர் கணக்கிலிருந்து சாவியை நீக்கலாம், ஆனால் தாளில் இரண்டு பிரதிகள் இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்கின்றன என்று உறுதியான பிறகே நீக்க வேண்டும்.

எங்கே தேடியும் சாவி கிடைக்கவில்லை என்றாலும் வட்டை ஃபார்மட் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. கணினி உடனே தேவை என்றால், வட்டு கழற்றக்கூடியதாக இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியது ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்; கழற்ற முடியாததாக இருந்தால் பென்டிரைவில் உள்ள வேறோர் இயங்குதளத்தைக் கொண்டு கணினியைத் துவக்கி, வட்டு முழுவதையும் துண்டு துண்டாக அப்படியே ஒரு வெளிவட்டுக்கு நகலெடுங்கள். எஸ்எஸ்டி எனப்படும் சிப் வகை வட்டு மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் தரவை இழக்கக்கூடும் என்பதால், கழற்றிய வட்டுக்கும் இப்படி ஒரு முழு நகல் எடுத்து வைப்பது நல்லது. சாவியின் உறைகளும் அந்த நகலுக்குள்ளேயே இருக்கும். டிபிஎம் இல்லாத வேறொரு கணினியில்கூட 48 இலக்கங்களை இட்டால் அது திறக்கும். நகலின்மேல் ஒட்டும் சீட்டில் அடையாள எண்ணின் எட்டு எழுத்துகளை எழுதிவையுங்கள், மறந்துபோன ஒரு மின்னஞ்சல் முகவரி என்றாவது நினைவுக்கு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.